பி.டி. வாத்தியாரிடம் காட்ட

அன்புள்ள சார்,

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக டைப் 1 சுகர், தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். எங்கள் ஊர் கோவில்பட்டி. இங்கே ஹாக்கி ஆடாத பையனைத் தேடத்தான் வேண்டும். இவனும் லெஃப்ட் அவுட் ஆடிக்கொண்டிருந்தான். போன மாதம் பயிற்சியின்போது கை நடுங்கி உட்கார்ந்துவிட்டான். அதிலிருந்து பி.டி. வாத்தியார் அவனை இறக்குவதில்லை. "ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?" என்கிறார். இந்த நோயோடு விளையாட்டில் சாதித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்ட வேண்டும். என் பெயர் வேண்டாம்.

ஒரு அம்மா, கோவில்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கும் அதே சுகர்தான். பதிமூன்று வயதில் வந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுக்க விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்ற பையன்களின் வாட்ச்களுக்குக் காவல் இருந்தேன். ஒருநாள் இரண்டு கையிலுமாக ஏழு வாட்ச். உங்கள் வாத்தியார் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. அவர் கேட்பது சரியான கேள்வி. அவருக்கு யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் கேட்டது. 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். 271 ரன் இலக்கு. சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். அன்று பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம். டிராவிட்டை போல்டாக்கிய அவருடைய பந்தை ஹாஸ்டல் டிவியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். 1997இலேயே அவருக்குச் சுகர் வந்துவிட்டது, இன்சுலின் போட்டுக்கொண்டுதான் பந்து வீசுகிறார் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பேன். 2003 உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட்டைத் தொட்ட முதல் பௌலரும் அவர்தான்.

அப்புறம் கேரி ஹால் ஜூனியர், அமெரிக்க நீச்சல் வீரர். 1999இல் டைப் 1 என்று தெரிந்தது. நீச்சலை மறந்துவிடச் சொன்னார்கள். மறு வருடமே சிட்னி ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 21.98 விநாடி, தங்கம். 2004 ஏதென்ஸில் மறுபடியும் அதே தங்கம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீயில் அவர் வீடு எரிந்தது. கிடைத்த சில நிமிடங்களில் நாயையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். பத்து ஒலிம்பிக் பதக்கங்களும் தீயோடு போயின. ஒலிம்பிக் கமிட்டி பிறகு மாற்றுப் பதக்கங்கள் கொடுத்தது. இன்சுலினுக்கு அப்படியெல்லாம் காத்திருக்க முடியாது.

ஆனால் இதை பிரிண்ட் எடுத்துக் காட்டினால் வாத்தியார் என்ன சொல்வார்? "அவங்க வேறம்மா." சரியாகத்தான் சொல்வார். தன்னம்பிக்கைக் கதைகளில் எனக்குள்ள சலிப்பே இதுதான். பையனுக்கு மன உறுதி குறைவு என்பது போல ஆகிவிடும். அன்று அவன் கை நடுங்கியது சுகர் இறங்கியதால். சுகர் இல்லாதவர்களுக்கு, ஓடும்போது உடம்பு இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் மகனுக்குக் காலையில் போட்டது போட்டதுதான், திரும்ப உருவ முடியாது. தசையும் சர்க்கரையை இழுக்கும், மருந்தும் இழுக்கும்.

அதனால் வாத்தியாரிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்: மைதானத்தில் இறங்குமுன் சுகர் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு ஏறியிருந்தால் ஆடக்கூடாது, மயங்கிவிட்டால் யாருக்கு போன். பொதுவான கணக்கு இது: 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் ஏறவிடாது. மாலையில் நன்றாக ஆடினால் நடுராத்திரியிலும் இறங்கும். அது வாத்தியார் வேலை இல்லை, உங்கள் வேலை. படுக்குமுன் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநில அரசுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. டைப் 1 பிள்ளைகள் வகுப்பிலேயே சுகர் பார்க்கலாம், ஊசி போடலாம், இடையில் சாப்பிடலாம், டாக்டர் சொன்னபடி விளையாடலாம் என்று அதில் இருக்கிறது. அதையும் தாளோடு சேர்த்துக் கொடுங்கள். ஆனால் முதலில் அதை நீட்டாதீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்.

குளுக்கோஸ் பொட்டலம் வகுப்பறைப் பையில் இருந்து பிரயோஜனமில்லை. லெஃப்ட் அவுட் என்றால் இடது பக்கக் கோட்டோரம் இருக்கட்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது அதை எடுத்து அந்தப் பக்கம் வைக்க ஒரு ஆள் வேண்டும். எந்த மைதானத்திலும் மற்றவர்களின் வாட்சைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவனிடம் சொல்லி வையுங்கள்.