மாத்திரையை நிறுத்தினால் படிப்பு வருமா?

அம்மா, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) உள்ள, மூன்றாம் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கும் மகனை மாத்திரைதான் மழுக்குகிறது, தேர்வு முடியும்வரை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவன் போடும் லித்தியம் என்ற மனநிலை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சில வாரங்களிலேயே மேனியா, அதாவது மனம் கட்டுமீறிப் பொங்கும் நிலை, திரும்பலாம். அப்போது ஒரு செமஸ்டரோடு போகாது.

பைபோலாரில் மனநிலை சீரான பிறகும் பலருக்குக் கவனமும் ஞாபகமும் வேகமும் சற்றுப் பின்தங்கியே இருக்கும். பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் பத்தி மறந்திருக்கும். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

மருந்துக்கும் பங்கு இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். லித்தியம் அளவுக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். லித்தியம் தைராய்டு சுரப்பையும் குறைக்கலாம், அந்தக் குறைவே மந்தத்தைத் தரும். 6 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். கை நடுக்கம் கூடி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் லித்தியம் ரத்தத்தில் மிஞ்சியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பேதியும் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையும் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும்.

அரியர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம், இரண்டு தாள் போதும். 25 நிமிடம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவிருப்பதை மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். விடிய விடியப் படிக்கும் வழக்கம் இவனுக்கு ஆகாது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே மேனியா கிளம்பக்கூடும்.

மனநோய் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உண்டு. மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் ஐடியாஸ் அளவுகோலில் 20க்கு 7 வந்தால் 40 சதவீத இயலாமை என்று சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், அரசு வேலையில் ஒதுக்கீடும் உண்டு. நன்றாகத் தேறியவர்களுக்கு 7 வராமலும் போகும். அது நல்ல சேதிதான்.

வேலை தேடும்போது சம்பளத்துக்கு முன் ஷிப்டைப் பாருங்கள். ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் கால் சென்டர், இரவு சப்போர்ட் வேலைகள் வேண்டாம். டெஸ்டிங், டாக்குமென்டேஷன் போன்ற பகல் வேலை பொருந்தும். இன்டர்வியூவில் நோயைப் பற்றித் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கல் படிவத்தில் கேட்டால் பொய் எழுதவும் கூடாது.

அடுத்த செக்கப்புக்கு இரண்டு வாரக் கணக்கோடு போங்கள்: எப்போது படுத்தான், எப்போது எழுந்தான், எத்தனை பக்கம் படித்தான். டோஸை மாற்றலாமா என்று டாக்டர் அதை வைத்துப் பேசுவார்.