‘கரண்ட் வைக்கிற’ படிப்பும் காடு சுற்றுகிற படிப்பும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு குவிந்த கேள்விகள் இவை. கதிர்வீச்சு சிகிச்சை சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவது பழக்கம். அது தெரிந்துதானோ என்னவோ, இந்த முறை இரண்டும் கலந்தே வந்திருக்கின்றன.

மகளுக்கு ரேடியோதெரபி கிடைக்கும் போலிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிற படிப்பும் இதுவும் ஒன்றுதானே? – ஒரு தாய், பெரம்பூர்

இல்லை அம்மா. கலந்தாய்வு அன்று பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் என்பது எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கிற வேலைக்கு. அங்கே நோயாளி வருவார், படம் எடுப்பீர்கள், போய்விடுவார். பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற வேலைக்கு. நம் ஊர் வார்டுகளில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்களே, அதுதான். ஒரே நோயாளி வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து, ஆறு வாரம் வருவார். அவர் பேத்தியின் பெயர்கூட உங்கள் மகளுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படிப்பு மூன்று ஆண்டு, பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ‘லீனாக், அதாவது கதிர் கொடுக்கிற எந்திரம், உங்களிடமே இருக்கிறதா, மாணவர்கள் அதில் எத்தனை மாதம் நிற்பார்கள்?’ என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு முடித்தும் லீனாக்கைப் படத்தில் மட்டுமே பார்த்த ஒரு பெண் என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் நோயாளியைக் கட்டிலில் நேராகப் படுக்கவைக்கவே அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்.

தினமும் ரேடியேஷனில் நின்றால் கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆகும்? – ஒரு தந்தை, வண்ணாரப்பேட்டை

அறைக்குள் கதிர் பாயும்போது உள்ளே இருப்பது நோயாளி மட்டுமே. நாங்கள் ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே, டிவியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். கதவைத் திறந்தால் கதிர் அந்த நொடியே நின்றுவிடும். லீனாக் மின்சாரத்தில் ஓடுகிற எந்திரம், அணைத்தால் அணைந்ததுதான். பழைய கோபால்ட் எந்திரம் அப்படியல்ல, உள்ளே இருக்கிற கோபால்ட்-60 இரவும் பகலும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், வீரியம் பாதியாகவே ஐந்தே கால் ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் அதை ஈயக் கவசத்துக்குள் பூட்டி வைத்திருப்பார்கள்.

ஊழியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்குப் போய், எவ்வளவு கதிர் பட்டது என்ற கணக்கு திரும்பி வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட் (உடலில் பட்ட கதிரை அளக்கிற அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கிற பிரிவில் இதில் சிறு பங்குகூட வருவதில்லை. இயற்கையிலிருந்தே மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும், வேலையை மாற்றித் தருவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் யார் விளக்குவது என்கிறீர்களா? பேட்ஜ் கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். இந்தத் துறையில் எனக்கு இடமுண்டா? – ஒரு மாணவர், வியாசர்பாடி

உண்டு தம்பி, நல்ல இடமே உண்டு. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இருக்கிறது. எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் என்று கணக்குப் போடுகிறவர் மெடிக்கல் பிசிசிஸ்ட். பட்டம் வாங்கியபின் மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி கட்டாயம். அந்த ஓராண்டு இடத்துக்குத்தான் அடிதடி, முதலாண்டிலேயே விசாரித்து வையுங்கள்.

வெளிநாட்டில் செல்லுமா? – பலர்

நேரடியாகச் செல்லாது. பிரிட்டனில் இந்த வேலைக்கு ‘தெரப்யூட்டிக் ரேடியோகிராஃபர்’ என்று பெயர், எச்.சி.பி.சி. என்ற அந்நாட்டுப் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘ரேடியேஷன் தெரபிஸ்ட்’. ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு அந்தந்த நாட்டுப் பதிவு அமைப்பின் விதியைப் படியுங்கள்.

மகன் ‘அவுட்டோர் ரிக்ரியேஷன்’ டிகிரி படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்படியெல்லாம் ஒரு படிப்பா? – ஒரு தந்தை, தாம்பரம்

அமெரிக்கா, கனடா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உண்டு. மலையேற்றம், படகு, முகாம் நடத்துவது, ஆபத்தைக் கணிப்பது, முதலுதவி எல்லாம் பாடம். நம் பக்கம் அதைத் துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டும். உடற்கல்வி என்றால் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதோடு உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ சுமார் நான்கு வார அடிப்படை மலையேற்றப் பயிற்சி. அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலை. முதலில் அதற்கு அனுப்பிப் பாருங்கள். பனியில் பத்து நாள் மூட்டை தூக்கியபிறகும் இதுதான் வேண்டும் என்றால், அப்புறம் அவனோடு மல்லுக்கட்டாதீர்கள்.

வார இறுதியில் ஐ.டி. நண்பர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காசு பார்க்கலாமா? – ஓர் இளைஞர், சோழிங்கநல்லூர்

வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் தீ பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன்பின் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அரசே திறந்தது. வழிகாட்டிகள் அந்தந்த மலைக்காரர்கள். தம்பி, ஓரிரு முறை அவர்கள் பின்னால் நடந்து பாருங்கள். காற்று திசை மாறினால் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

யாராவது அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும். ரேடியோதெரபி படிக்கலாமா? – ஒரு மாணவி, திருவொற்றியூர்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்க முகமூடி செய்வோம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு, வெந்நீரில் போட்டால் தணலில் வாட்டிய வாழையிலை மாதிரி வதங்கும். அதை ஈரம் ஒற்றி முகத்தின் மேல் இழுத்து அழுத்த வேண்டும். ஆறுவதற்குள் மூக்கும் தாடையும் அதில் பதிந்துவிடும். அந்தச் சில நிமிடம் நோயாளிக்கு மூச்சு முட்டுவது போலிருக்கும், கண்ணோரம் நீர் வழியும். அப்போது உங்கள் ஒரு கை தகட்டில், இன்னொரு கை அவர் தோளில். அந்தத் தகட்டை விடாமல் பிடித்திருந்தால் போதும், அழுகை வந்தால் வரட்டும்.

நீச்சல் தெரியாது. கோவளத்தில் சர்ஃபிங் பயிற்சியாளர் ஆகலாமா? – பெயர் வேண்டாம்

முதலில் வேளச்சேரி நீச்சல் குளம்.