காய்ச்சலில் படித்தது ஏன் நிற்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலைத் தேர்வுக்கு முன்பு டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்த நாட்களில் படித்த எதுவும் மனதில் தங்கவில்லை. அதற்கு முன் படித்தவை அப்படியே நினைவிருக்கின்றன. காய்ச்சல் மூளையைப் பாதித்துவிட்டதா? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் சரியாகும் என்கிறார்கள் வீட்டில்.

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

பழையது நிற்கிறது, புதியது மட்டும் நிற்கவில்லை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சேர்ந்த நினைவு அழியவில்லை. புதிதாகச் சேரும் வேலைதான் தடைப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மேயர், லிண்டா வாட்கின்ஸ் குழுவினர் எலிகளைக் கொண்டு செய்து 1998இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. எலியை ஒரு பெட்டிக்குள் விட்டு, ஓர் ஒலியை எழுப்பி, உடனே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அது முடிந்த கையோடு சில எலிகளுக்குப் பாக்டீரியாவின் உறைப்பொருளை ஊசியில் ஏற்றினார்கள்; அதில் உயிருள்ள கிருமி இல்லை, ஆனாலும் தொற்று வந்துவிட்டதாகவே உடல் எடுத்துக்கொள்ளும். பின்னர் அதே ஒலியைக் கேட்டபோது அந்த எலிகளும் மற்றவற்றைப் போலவே அச்சத்தில் உறைந்து நின்றன. ஆனால் ஒலியில்லாமல் அதே பெட்டிக்குள் விட்டபோது, ஊசி போடாத எலிகளின் அளவுக்கு அஞ்சவில்லை. ஓர் இடத்தை முழுமையாக நினைவில் கோத்து வைக்க ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி வேண்டும். ஒலியை அதிர்ச்சியோடு இணைப்பதற்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. பாடம் முடிந்த பிறகே ஊசி போட்டதால், சோர்வில் கவனிக்காமல் விட்டிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை. தொற்றை எதிர்க்கும்போது உடல் சுரக்கும் இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த மறதி ஏற்படவில்லை.

மனிதர்களிடமும் இதையொட்டிய விளைவு பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் ஆரோக்கியமானவர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி போட்டுச் சோதித்தபோது (உங்கள் நோயின் பெயரே இங்கும் வருவது தற்செயல்), சில மணி நேரத்தில் இட நினைவு குறைந்தது. ஹிப்போகாம்பஸ் அடங்கிய பகுதி குளுக்கோஸைப் பயன்படுத்தும் விதமும் மாறியது.

அப்படியானால் இன்டர்லூகின்-1 நினைவுக்குப் பகையா என்றால், இல்லை. அதை ஏற்று வேலை செய்யவைக்கும் ஏற்பியே உடலில் இல்லாதபடி உருவாக்கிய எலிகள் ஹிப்போகாம்பஸ் சார்ந்த நினைவில் பின்தங்குவதை ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ராஸ் யிர்மியா குழுவினர் காட்டியிருக்கிறார்கள். சிறு அளவில் இருந்தால்தான் நினைவு படியும். அளவு மீறினால் கெடும். ஆகவே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் பொடிகளும் பானங்களும் எதைக் கூட்டப்போகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. காய்ச்சலில் நீங்கள் பட்டதே கூடிப்போன எதிர்ப்பின் விளைவுதானே.

அந்த நாட்களில் படித்த பாடங்களைப் படிக்காதவையாகக் கருதி முதலிலிருந்து படியுங்கள். உடல் முழுதும் தேறிய பிறகும் மறதி நீடித்தாலோ, பழைய நினைவுகளும் நழுவத் தொடங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சிறுநீர்த் தொற்று போன்ற ஒன்றே அவர்களுக்குத் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்கிவிடும். அதை வயதின் மறதி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.