கல்லூரிக் கனவு: கேள்வி – பதில்

கேள்வி: கணவர் கொத்தனார். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறான். மூத்தவள் பி.எஸ்சி. முடித்தவள், கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் படிப்பை மறைத்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை தரும் ‘முதல் பட்டதாரி’ சான்று வாங்கிவிடலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகி, அரியலூர்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. கட்டிக்கொடுத்த பெண்ணும் கணக்கில் உண்டு. உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது நீங்களும் மகனும்தான். பொய்யென்று பிறகு தெரிந்தால், சலுகைப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அதைவிடப் பெரிய உதவி உங்கள் மகனுக்கு இருக்கிறது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும். அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் சேராது.

அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இந்த உதவி. ரிசல்ட் வந்ததுமே ஏஜென்ட்டுகள் வீடு தேடி வருவார்கள், “இப்பவே சீட் போட்டுடலாம், மார்க் ஷீட்டும் டி.சி.யும் கொடுங்க” என்பார்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் பையன் அங்கேயே மாட்டிக்கொள்வான். அது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா, இந்தச் சலுகை எதுவும் வராது.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் வீட்டு மொபைல் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிடுவதுண்டு. கல்லூரிப் பட்டியலை உறுதிசெய்யும் நாளில் ஓடிபி அவர் போனுக்குப் போகும். கடை பூட்டியிருந்தால் சீட்டே கை நழுவும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் தோழிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு மட்டும் இல்லை. வங்கியில் ஆதார் கொடுத்திருக்கிறேன்.
– ஒரு மாணவி, தேனி

பதில்: ஆதார் நகலைக் கொடுப்பது வேறு, மானியம் வாங்க அந்தக் கணக்கோடு ஆதாரைச் ‘சீடிங்’ செய்வது, அதாவது இணைப்பது, வேறு. ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். இடையில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கினீர்களா? கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். அந்தப் பாஸ்புக்கை முதலில் பாருங்கள். எங்குமே இணைப்பு இல்லையென்றால் வங்கியில் ‘ஆதார் சீடிங்’ படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள். இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை கல்லூரிப் பதிவிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் உட்கார்ந்து சரிபாருங்கள்.

கேள்வி: கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: 4 லட்சம் ரூபாய் வரை பத்திரமும் வேண்டாம், வெளியார் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த விண்ணப்ப எண்ணோடு வங்கிக்குப் போங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.