ஷோவா, ரென்னா? – 'ஸ்கிப் பீட்!' கேள்வி பதில்

(கதையின் பின்பகுதி ரகசியங்கள் உண்டு. படிக்காதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

கேள்வி: அக்கா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எல்லாரும் ஷோ, ரென்னு ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. கதைதான் என்ன?

நகமுரா யோஷிகி 2002 முதல் 'ஹனா தோ யுமே' இதழில் வரைந்துவரும் மங்கா, அதாவது ஜப்பானிய சித்திரக்கதை. கியோட்டோவில் பாரம்பரிய விடுதி நடத்தும் குடும்பத்துப் பையன் ஷோ. தாய் விட்டுப்போன கியோகோ அந்த வீட்டில்தான் வளர்கிறாள். பாடகனாக வேண்டும் என்று அவன் டோக்கியோ கிளம்ப, மேல்படிப்பை விட்டுவிட்டு அவளும் கூடவே போகிறாள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவள்தான் உழைக்கிறாள். அவன் பிரபலமான பிறகு, வீட்டு வேலைக்காகத்தான் அவளைக் கூட்டிவந்ததாகத் தன் மேலாளரிடம் சொல்வது அவள் காதில் விழுகிறது. பழிவாங்குவேன் என்கிறாள். அதற்கு நீயும் கலையுலகுக்கு வரவேண்டும் என்று சிரிக்கிறான். வந்தே விடுகிறாள். அவள் சேரும் எல்.எம்.இ. என்ற நடிகர்களை நிர்வகிக்கும் நிறுவனத்தின் முன்னணி நடிகன்தான் ரென். ஷோவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

கேள்வி: ஷோவுக்கு இருக்கிறது காதலா, பொறாமையா? எனக்கு அவனைப் பார்த்தாலே எரியுது.

உங்கள் எரிச்சல் நியாயம். ஆனாலும் இந்த மூவரில் ஆசிரியை மிக நுட்பமாக எழுதியிருப்பது ஷோவைத்தான் என்பேன்.

கியோகோ சின்ன வயதில் தாயை நினைத்து அழும்போதெல்லாம் ஷோ என்ன செய்வதென்று தெரியாமல் உறைந்துபோவான். அதைப் பார்த்துத்தான் அவள் அவன் எதிரில் அழுவதையே நிறுத்திக்கொள்கிறாள். யாருக்கும் தெரியாமல் மரங்களுக்கு நடுவே போய் அழுகிறாள். அங்கேதான் 'கார்ன்' என்ற வெளிநாட்டுச் சாயல் கொண்ட பையனைச் சந்திக்கிறாள். அவனைத் தேவதை உலகத்து இளவரசன் என்றே நம்புகிறாள். அந்தப் பையன்தான் பின்னாளில் ரென். ஆக, இந்த முக்கோணம் டோக்கியோவில் புகழும் பணமும் வந்தபிறகு உண்டானதல்ல. யார் முன்னால் அழலாம் என்பதில், அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அது விழுந்துவிட்டது.

ஷோவுக்கு அவள் அன்பு இலவசமாகக் கிடைத்ததால் அதன் விலை தெரியவில்லை. ஷோவின் 'பிரிசனர்' பாடல் வீடியோவில் அவள் தேவதையாக வந்து, சாத்தானாக நடிக்கும் அவனைக் கொல்லும் காட்சியில்தான் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்க்கிறான். அதன்பிறகு அவன் பயமெல்லாம் ஒன்றுதான்: அவள் தன்னை வெறுப்பதையும் மறந்துவிடுவாளோ என்பது. காதலர் தினப் பகுதியில் பூங்கொத்தோடு படப்பிடிப்புக்கே வந்து, ரென் பார்க்கும்போது முத்தமிடுகிறானே, அது அவள் விருப்பத்தைக் கேட்காமல் செய்தது. அதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவன் அங்கே கேட்பது அன்பை அல்ல. வெறுப்பாகவாவது அவள் மனம் முழுக்கத் தானே இருக்கவேண்டும் என்கிறான். இதைக் காதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறும் பொறாமை என்று ஒதுக்கவும் முடியவில்லை.

கேள்வி: கியோகோதான் அந்தச் சின்னப் பொண்ணுன்னு ரென்னுக்கு ஆரம்பத்துலயே தெரியுமே அக்கா. தான்தான் கார்ன்னு சொல்லித் தொலைச்சா என்ன? எத்தனை வருஷம் இழுப்பாங்க?

கார்னாக இருந்தபோது தான் கொடுத்த நீலக்கல்லை அவள் தவறவிட, அதைப் பார்த்ததுமே அவள் யாரென்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் 'நான்தான் கார்ன்' என்றால் 'நான்தான் குவோன்' என்று தன் உண்மைப் பெயரையும் சொல்லவேண்டுமே. ஹாலிவுட் நடிகர் ஹிசுரி கூவின் மகன், அமெரிக்காவில் வன்முறையில் விழுந்தவன், நண்பன் ரிக்கின் சாவுக்குத் தானே காரணம் என்று நம்புகிறவன். சந்தோஷமாக வாழத் தனக்கு உரிமையில்லை என்று தீர்மானித்துவிட்டுத்தான் 'ரென்' என்ற மனிதனை அவன் உருவாக்கினான். குவாமில் சாயமில்லாத தலைமுடியோடு அவள் எதிரே நிற்கும்போதுகூட, அவள் நம்பும் தேவதைக் கதைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறான். இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணமில்லாத இழுவை அல்ல.

கேள்வி: கோழி வேஷக் காட்சிகள் காமெடிக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை! 'டார்க் மூன்' என்ற டிவி தொடரில் காதலில் விழும் ஆணாக நடிக்க ரென்னால் முடியவில்லை. எவ்வளவோ பெண்களோடு பழகியவனுக்கு அந்த உணர்ச்சி மட்டும் தெரியவில்லை. அதற்குப் பெயர் காதல் என்று அவனுக்குச் சொல்வது டிவி நிகழ்ச்சி ஒன்றில் வரும் 'போ' என்ற கோழி வேஷம். கோழிக்குள் இருப்பது கியோகோ என்று அவனுக்குத் தெரியாது. அவன் சொல்லும் பெண் தான்தான் என்று அவளுக்கும் தெரியாது. கலையுலகக் கதையில்தான் இப்படி எழுத முடியும். இந்த இருவரும் உண்மை பேசுவதற்கு எப்போதும் ஒரு வேஷம் தேவைப்படுகிறது.

கேள்வி: ஜப்பான்ல நிஜமாவே நட்சத்திரங்கள் காதலிக்கக் கூடாதா?

நடிகர்களைவிட 'ஐடல்' எனப்படும் இளம் பாப் பாடகிகளுக்குத்தான் இந்தக் கெடுபிடி அதிகம். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறார்கள். 2015இல் டோக்கியோ நீதிமன்றம், 17 வயது ஐடல் ஒருவர் காதல் தடையை மீறியதற்காக 6,50,000 யென் நஷ்டஈடு தரச் சொன்னது. 2016 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அதே நகரத்து நீதிமன்றம், யாரோடு பழகுவது என்பது ஒருவரின் மகிழ்ச்சிக்கான உரிமை என்று நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. இரண்டாவது தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மனம் லேசானது.

கேள்வி: அனிமே மட்டும் பார்த்தா போதுமா?

போதாது. அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், 2008 அக்டோபரில் தொடங்கி 25 பகுதிகள் வந்தது. 'டார்க் மூன்' நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. குரல்கள் அருமை, ஷோவுக்கு மியானோ மமோரு. 2011இல் தைவானில் வந்த நாடகமும் உண்டு, சுமார்தான்.

கேள்வி: கடைசியா கேக்கறேன், நீங்க யார் பக்கம்?

ரென் பக்கம். அவன் நல்லவன் என்பதற்காக அல்ல, கோபக்காரன், எதையும் மறைக்கிறவன். ஆனால் கியோகோ நடிப்பைப் பழிவாங்கும் கருவியாக நினைத்து வந்தபோது அதற்காகவே அவளிடம் எரிந்துவிழுந்தவன். தனக்காகவே நடிக்க ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவளைச் சக நடிகையாக மதித்தவனும் அவன்தான். அனிமே பார்த்துவிட்டீர்கள் என்றால் மங்காவில் ரென்னும் கியோகோவும் ஹீல் என்ற அண்ணன் தங்கையாக வேஷம் போடும் பகுதியையும், கியோகோவின் தாய் சாயேனா வரும் பகுதியையும் தவறவிடாதீர்கள். அவற்றைப் படித்துவிட்டு, அப்போதும் ஷோ பக்கம்தான் என்றால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.