கடுங்குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கு வழக்கறிஞர் மட்டும் போதுமா?

கொலை போன்ற கடுங்குற்றம் சாட்டப்பட்ட சிறுவனுக்கு வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு, காவலில் வைக்கப்பட்ட குழந்தைக்குச் சட்ட உதவியோடு பொருத்தமான பிற உதவிகளும் விரைவாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி கட்டாயப்படுத்துவதை 40ஆவது பிரிவு தடுக்கிறது. ஆனால் வழக்கின் போக்கு பெரும்பாலும் காவல்துறையின் முதல் விசாரணையிலேயே திரும்பிவிடுகிறது: களைத்துப்போன பிள்ளை, 'புரிந்ததா?' என்ற கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நீட்டிய தாளில் கையெழுத்திட்டுவிடுகிறது. ஆகவே வழக்கறிஞர், தாம் விளக்கியதைப் பிள்ளையின் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்க வேண்டும். (பெற்றோர் உடனிருப்பது ஆறுதல்தான், ஆனால் 'ஒப்புக்கொண்டுவிடு' என்று அவர்களே நெருக்குவதும் உண்டு.) உளவியலாளரும் சமூகப் பணியாளரும் திரட்டும் குடும்ப, பள்ளி விவரங்கள் பிணை கோரும்போதே உதவும், தீர்ப்பு நெருங்கும்போது தேடத் தொடங்குவது காலதாமதம்.