ஸ்ட்ரைக் அன்று வகுப்புக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து செப்டம்பரில் இங்கிலாந்துக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் லெக்சரர்கள் வேலைநிறுத்தம் என்று பல்கலைக்கழகம் மெயில் அனுப்பியிருக்கிறது. வகுப்புக்குப் போவதா வேண்டாமா, போகாவிட்டால் விசாவுக்கு ஆபத்தா, கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். நூலகத்தில் வாரம் எட்டு மணி நேரம் வேலையும் பார்க்கிறீர்கள். அறையில் கூட இருக்கும் முனைவர் பட்ட மாணவர் யூனியனில் சேரச் சொல்கிறார். ஊரிலிருந்து அப்பா, "எந்தச் சங்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதே" என்கிறார்.

நான் மதுரைக்காரி. 2011-ல் ஆராய்ச்சி செய்ய வந்தேன். படிக்கும்போது மணிக்கூலிக்கு வகுப்பெடுத்து, அப்புறம் ஒப்பந்த வேலை பார்த்து, இப்போது வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் யூனியன் கிளையில் உறுப்பினர்களுக்குத் துணையாக விசாரணைகளில் போய் உட்காருவதும் என் பொறுப்பு. ஸ்ட்ரைக் நாளில் கையில் அட்டையோடு கேட்டில் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கேட்டில் நின்றுகொண்டே மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்: வகுப்பு நடந்தால் உள்ளே போங்கள். யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள், தடுக்கவும் கூடாது. ஒரு துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் இருந்தால் ஏன் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் விசா படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது. நீங்கள் ஒழுங்காகப் படிக்கிறீர்களா என்று கவனித்து, இல்லையென்றால் உள்துறைக்குச் சொல்லவேண்டிய கடமை உங்களை ஸ்பான்சர் செய்த பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ஆகவே அட்டெண்டன்ஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஆனால் ஆசிரியர் வராததால் நடக்காமல் போன வகுப்பு நீங்கள் தவறவிட்ட வகுப்பு ஆகாது. ஒரு சிக்கல் இருக்கிறது. தான் ஸ்ட்ரைக்கில் சேரப்போகிறேனா என்று முன்கூட்டியே சொல்லவேண்டிய கட்டாயம் எந்த ஆசிரியருக்கும் கிடையாது. எனவே எது நடக்கும், எது நடக்காது என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியாமல் போகலாம். வழக்கமான நேரத்துக்குப் போங்கள். ஆசிரியர் வரவில்லை என்றால், கைப்பேசியில் பதிவு செய்யும் செயலி இருந்தால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே துறை அலுவலகத்துக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள்: இந்தத் தேதி, இந்தப் பாடம், வந்தேன், வகுப்பு நடக்கவில்லை. அவ்வளவு போதும். இந்த மெயில்களை ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஃபீஸ் கேள்விக்கும் அதே ஃபோல்டர்தான் பின்னால் கைகொடுக்கும்.

நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் அடிக்கடி குழம்புகிறார்கள். இங்கே ஒரே வளாகத்தில் இரண்டு வகை யூனியன் உண்டு. ஸ்டூடன்ட்ஸ் யூனியன் என்பது மாணவர்களுடையது. நீங்கள் சேர்ந்த அன்றே அநேகமாக அதில் உறுப்பினராகியிருப்பீர்கள், யாரிடமும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. கட்சி, கொடி, தேர்தல் கலாட்டா என்று ஊரில் நாம் பார்த்ததோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அங்கே ஆலோசனை மையம் ஒன்று இருக்கும். அசைன்மென்ட் தேதி தள்ளிக் கேட்பது, மதிப்பெண் மேல்முறையீடு, வாடகை வீட்டுத் தகராறு, காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு வந்தால் விசாரணைக்குக் கூட வருவது, எல்லாம் இலவசம். பல்கலைக்கழக நிர்வாகத்தின் கீழ் அது இல்லாததால், அங்கே மனம்விட்டுப் பேசலாம். இந்த மையம் இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் அறையில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரைக் வந்தாலும் வராவிட்டாலும் அது எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மற்றது ஊழியர்களின் தொழிற்சங்கம். லெக்சரர்கள், ஆராய்ச்சியாளர்கள், அவர்களோடு சேர்ந்த சில நிர்வாக ஊழியர்கள் யூசியூ என்ற சங்கத்தில் இருப்பார்கள். 2006-ல் இரண்டு ஆசிரியர் சங்கங்கள் ஒன்றாகி உருவானது அது. நூலகம், அலுவலகம், துப்புரவு, கேன்டீன் பக்கம் பெரும்பாலும் யூனிசன் என்ற சங்கம். லேப் டெக்னீஷியன்கள் பலர் யுனைட் என்ற சங்கத்தில். அடுத்த வாரம் ஸ்ட்ரைக்குக்கு அழைத்திருப்பது யூசியூ என்றால், நூலகத்தில் வேலை செய்யும் நீங்கள் அதில் இறங்கவேண்டியதில்லை. உங்கள் ஷிஃப்டுக்குப் போங்கள். மனசாட்சி உறுத்தினால், கேட்டைத் தாண்டும்போது நிற்பவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.

2018 பிப்ரவரியில்தான் நான் முதல்முறை கேட்டில் நின்றேன். 60-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் 14 நாள் வேலைநிறுத்தம். யூஎஸ்எஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தில் உறுதியாகக் கிடைக்கும் தொகையை எடுத்துவிட்டு, பங்குச் சந்தையை நம்பியிருக்கும் திட்டமாக மாற்றப் பார்த்தார்கள். சாதாரண லெக்சரர் ஒருவருக்கு ஓய்வுக்காலத்தில் வருடத்துக்கு 10,000 பவுண்டு வரை குறையும் என்று யூனியன் கணக்குப் போட்டுக் காட்டியது. ஸ்ட்ரைக் தொடங்கி ஒரு வாரத்துக்குள் நாடு முழுக்கப் பனிப்புயல். காலை எட்டு மணிக்குக் கால்விரல் மரத்துப்போய் நிற்போம். நான் அப்போது வேலை விசாவில் இருந்தேன். வருடத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் விசா ரத்தாகலாம் என்று விதி இருந்தது. 14 நாள் அந்தக் கணக்கைத் தொடாது என்று தெரியும். ஆனாலும் ராத்திரி தூக்கம் வராது. அந்த வருடம் ஜூலையில்தான் சட்டபூர்வமான வேலைநிறுத்த நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதியை மாற்றினார்கள். வெளிநாட்டு ஊழியர்களும் யூனியனும் விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பலன் அது.

அந்தப் பனியில் ஒரு நாள் என் மாணவி ஒருத்தி, ஈரோட்டுப் பெண், பிளாஸ்க்கில் சுக்கு காபி கொண்டுவந்தாள். பேப்பர் கப்பில் ஊற்றி வரிசையாக எல்லோருக்கும் கொடுத்தாள். என்னிடம் வந்ததும் கண் கலங்கிவிட்டது. "மேம், உங்களுக்காக நிற்கணும்னு தோணுது, ஆனா வெள்ளிக்கிழமை என் டிசர்டேஷன் திட்டம் கொடுக்கணும், யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியல" என்றாள். ஸ்ட்ரைக்கில் இருக்கும் நான் அதைப் படித்துத் திருத்த முடியாது. படித்தால் ஸ்ட்ரைக் என்பதற்கே அர்த்தம் இல்லை. பக்கத்தில் நின்ற மூத்த ஆசிரியை கையுறையைக் கழற்றினார். அவளுடைய நோட்டை வாங்கி, பிடித்துக்கொள்ள முடியாமல் நடுங்கும் விரல்களால் மூன்று வரி எழுதினார். தேதி தள்ளிக் கேட்கும் படிவத்தின் பெயர், அதை எந்த அறையில் கொடுக்கவேண்டும், காரணமாக என்ன எழுதவேண்டும். அவளுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. அன்று மாலை ஊருக்குள் ஒரு சர்ச் ஹாலில் நாங்கள் திறந்த வகுப்பு நடத்தினோம், அதற்கும் வந்தாள். டீச்-அவுட் என்பார்கள். உங்கள் ஊரிலும் நடக்கலாம், போய்ப் பாருங்கள். மதிப்பெண், அட்டெண்டன்ஸ் எதுவும் இல்லாமல் நடக்கும் வகுப்பில் ஆசிரியர்கள் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

அந்த ஓய்வூதியச் சண்டை முடிய ஆறு வருடம் ஆனது. இடையில் 2022-ல் ஒரு பெரிய வெட்டு விழுந்து, மறுபடி மறுபடி ஸ்ட்ரைக் நடந்து, 2024 ஏப்ரலில்தான் பழைய பலன்கள் திரும்பக் கிடைத்தன. ஸ்ட்ரைக் செய்த ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். ஜாலிக்காக யாரும் லீவு போடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நினைத்த உடனே ஸ்ட்ரைக் அறிவிக்கவும் முடியாது. அந்த வருடங்களில் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்பி, 2016-ல் வந்த சட்டப்படி உறுப்பினர்களில் பாதிப்பேராவது வாக்களித்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2023 நவம்பரில் அந்தப் பாதி எட்டவில்லை, நாடு தழுவிய போராட்டம் அங்கேயே நின்றுபோனது.

இப்போது நடக்கும் ஸ்ட்ரைக்குகள் பெரும்பாலும் ஆட்குறைப்புக்கு எதிரானவை. இங்கிலாந்து மாணவர்களுக்கான ஃபீஸ் 2017-லிருந்து பல வருடம் 9,250 பவுண்டிலேயே நின்றது. விலைவாசி ஏற ஏற, அந்த ஓட்டையை உங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களின் பணத்தை வைத்து அடைத்தார்கள். 2024 ஜனவரியில், பாடம் படிக்க வரும் முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று விதி வந்ததும் வருகிறவர்கள் எண்ணிக்கை சரிந்தது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் 400 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது, நர்சிங் படிப்பையே மூடுவதாகவும் சொன்னது. ஊழியர்கள் எதிர்த்து நின்றதால் நர்சிங் பிழைத்தது, அந்த வருடக் கடைசி வரை கட்டாய ஆட்குறைப்பு இல்லை என்று நிர்வாகம் இறங்கிவந்தது. ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழகத்தில் 632 வேலைகள் போகும் என்றார்கள். உங்கள் அசைன்மென்டைத் திருத்துகிறவர், விசா கடிதம் அடித்துத் தருகிறவர், லேபில் கருவியை ஓட்டக் கற்றுத் தருகிறவர் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். ஒருவர் போனால் அவர் பார்த்த 40 மாணவர்கள் மிச்சமிருப்பவர் தலையில் விழுவார்கள். ஸ்ட்ரைக்கால் நீங்கள் இழப்பது சில வகுப்புகள். இந்த வெட்டு நடந்தால் இழப்பது வருடம் முழுக்க இருக்கும்.

ஆனால் மாணவர்களுக்கு வலியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஏப்ரல் 20 முதல் செப்டம்பர் 6 வரை 145 பல்கலைக்கழகங்களில் விடைத்தாள் திருத்தும் வேலையைப் புறக்கணித்தோம். பல இடங்களில் பாதிச் சம்பளம் பிடித்தார்கள், சில இடங்களில் முழுதாகவே பிடித்தார்கள். பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. சேலத்துப் பையன் ஒருவன் இருந்தான். பட்டம் முடிந்ததென்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தால்தான் அவன் கிராஜுவேட் விசாவுக்கு, அதாவது படிப்பு முடிந்து இங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் விசாவுக்கு, விண்ணப்பம் போட முடியும். கையில் வேலை தயாராக இருக்கிறது, ரிசல்ட் வரவில்லை. அவன் என் அறை வாசலில் வந்து நின்றபோது என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவனை ஸ்டூடன்ட்ஸ் யூனியன் ஆலோசகரிடம் நானே கூட்டிப்போனேன். எங்கள் கிளையும் ஆலோசகரும் சேர்ந்து, விசா தேதி நெருங்கும் மாணவர்களின் பட்டியலைத் துறைக்குக் கொடுத்து, அவர்களுக்கு முதலில் வழிசெய்யச் சொன்னோம். விசா முடிய 12 நாள் இருக்கும்போது ரிசல்ட் வந்தது. அதிலிருந்து எங்கள் கிளைக் கூட்டத்தில் போராட்டம் என்று பேச்சு எழுந்தாலே, விசாவில் இருக்கும் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று முதல் ஆளாகக் கேட்பது நான். உங்கள் படிப்பு முடியும் சமயத்தில் இப்படி ஏதாவது வந்தால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாத பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

ஃபீஸ் விஷயம். ஸ்ட்ரைக் நடந்தது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் போனது, அதற்கு ஈடாக என்ன கொடுத்தார்கள், அது போதாமல் எங்கே இடித்தது என்று எழுதி, முதலில் பல்கலைக்கழகத்திடமே முறைப்படி புகார் கொடுங்கள். முன்னே சொன்ன மெயில் ஃபோல்டர் இங்கேதான் பேசும். அவர்கள் முடிவு திருப்தியில்லை என்றால், உள்விசாரணை முடிந்தது என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயாதீன அமைப்பிடம் இலவசமாகப் போகலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அதுதான், வெளிநாட்டு மாணவர்களும் போகலாம். 2018 ஸ்ட்ரைக்கில் வகுப்பை இழந்த வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். முழு ஃபீஸும் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் பயம் எனக்கு அந்நியம் இல்லை. என் தாத்தா மதுரையில் மில் தொழிலாளி. ஸ்ட்ரைக் என்ற சொல்லைக் கேட்டாலே பாட்டி அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பாராம். அப்பாவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். யூனியனில் சேர்ந்தாயா என்று விசா விண்ணப்பத்தில் கேள்வியே கிடையாது. சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுப்பது இங்கே சட்டவிரோதம். நூலக வேலையில் உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தால், யூனியன் ஆளைக் கூட அழைத்துப்போக 1999-ல் வந்த சட்டப்படி உரிமை உண்டு. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கஷ்டம், அதனால் யோசிக்கிறதை இப்போதே யோசியுங்கள். எட்டு மணி நேரச் சம்பளத்துக்குச் சந்தா குறைவாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பொருத்தமானது யூனிசன். உங்கள் அறைத்தோழர் பாடமும் எடுக்கிறார் என்றால் யூசியூவில் இலவசமாகவே சேரலாம். அவர் ஸ்ட்ரைக்கில் இறங்கினால் பாடம் எடுக்கும் வேலையை மட்டும்தான் நிறுத்தவேண்டும், வழிகாட்டியோடு இருக்கும் சந்திப்புகளை விடக்கூடாது. அவரும் மாணவர் விசாவில்தானே இருப்பார். இதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலை செய்யுங்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மெயில் எழுதி, ஸ்ட்ரைக் நாட்களில் அட்டெண்டன்ஸை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் குழப்பமாக இருந்தால் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், காலையில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள் தம்பி, இந்தக் குளிர் கோயம்புத்தூர் மார்கழி மாதிரி இல்லை.